ரசமட்டம்

மாப்பிள்ளை, நீங்க வாட்ஸப்புல அனுப்பின வீடியோவ மூணு தடவ பாத்துட்டேன். மொத தடவ விஷயம் என்னன்னு தெரிஞ்சுக்க. ரெண்டாவது தடவ உங்க அத்தைக்குக் காட்ட. மூணாவது தடவ எதுக்குன்னா, முட்டி போட்டுத் தரை தொடைக்கிற மாப்பிள்ளைய இந்த ஊர்ல எத்தன மாமனார் பாத்திருக்கான், சொல்லுங்க. கெடைச்ச பாக்கியத்த ஒரே தடவையோட விட மனசு வரல.

கோவிச்சுக்கிடாதீக. இந்த வண்டிய வாங்குறப்பவே நான் சொன்னேன். வீட்டுத் தொந்தரவு வேண்டாம்னுதான் மனுசன் வெளியூர் போவான். நீங்க வீட்டையே சக்கரத்துல ஏத்திக்கிட்டுப் போறீக. வீடு கூட வந்தா வீட்டு ஒழுக்கும் கூடத்தான வரும்? நம்ம வீட்டு ஓடு ஒழுகுனா ஒரு மூலையில ஒழுகிட்டுக் கெடக்கும். உங்க பிரிட்ஜ் டெக்ஸாஸ்ல சொட்ட ஆரம்பிச்சு, நீங்க எறங்கியிருக்கிற எல்லை ஏரிய சுத்தி அந்தக் கரைக்குப் போறதுக்குள்ள ஒக்லஹாமாவயும் நனைச்சிருக்கும்.

வீடியோ நல்லாத்தான் எடுத்திருக்கீக. கொறை ஒண்ணே ஒண்ணுதான். தண்ணி தெரியுது, வாசம் தெரியல. செல்போன் செய்றவன் என்னென்னமோ கண்டுபிடிச்சான், மோந்து பாக்க ஒண்ணு கண்டுபிடிக்கல. எம் மூக்கு இங்க கெடக்கு. உங்க மூக்குதான் அங்க சும்மா இருக்கு. அதக் கொஞ்சம் வேலைக்கு அனுப்புங்க.

ஏன் கேக்குதேன்னா, நம்ம பாஷையில சொட்டுறது வேற, ஒழுகுறது வேற, கசியுறது வேற. இங்கிலீஷ்காரனுக்கு எல்லாமே லீக்குதான். அதனாலதான் நீங்க "மாமா, ஃப்ரிட்ஜ் லீக்கு"ன்னு ஒத்த வரியில சொல்லிட்டு, ஆயிரம் டாலர் செலவாகுமான்னு அடுத்த வரியில அழுதுட்டீக. சொட்டுறது தண்ணி. அதுக்குச் செலவு ஒரு செம்பு வெந்நி. கசியுறது அமோனியா. அதுக்குச் செலவு நீங்க அழுததுக்கும் மேல. எதுன்னு தெரியாம எப்படி அழுகிறீக?

தரையில கெடக்கிற தண்ணிகிட்டக் குனிஞ்சு மோந்து பாருங்க. ஒண்ணுமில்லையா? இல்ல, புளிச்ச மாவு வாசம் லேசா வருதா? அப்ப நிதானமா உக்காந்து மேல கேளுங்க. அப்படியில்லாம மூக்குல ஊசி குத்துனாப்புல, கண்ணு கரிக்கிறாப்புல ஒரு நெடி அடிக்குதா? புரியலன்னா அடையாளம் சொல்லுதேன். தீபாவளிக்கு மொத நாள் குளியலறைக் கதவச் சாத்திக்கிட்டுத் தலைக்கு ஒண்ணு பூசுவீகளே, எம் பொண்ணு பாப்பாவுக்கே தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டு, அந்த நெடி. அது அடிச்சா எம் பேச்சக் கேட்டுக்கிட்டு நிக்காதீக. பிள்ளைகளக் கூட்டிட்டு வெளிய எறங்குங்க. கதவு சன்னல் எல்லாம் தொறந்து கெடக்கட்டும். பிரிட்ஜ அமத்திட்டு, வெளிய இருக்கிற கேஸ் சிலிண்டர மூடிருங்க. தீக்குச்சி கிழிக்கக் கூடாது. அமோனியாவோட ஹைட்ரஜனும் அதே குழாய்ல இருக்கு. அதுக்கு வாசமே கெடையாது, ஆனா தீ பிடிக்கும். பிரிட்ஜ் முதுகுல பிடிச்ச தீயில முழு வண்டியும் எரிஞ்சுபோன கதை உங்க நாட்டுல நெறைய உண்டு. இந்த ஒரு எடத்துல மட்டும் நான் கிண்டல் பண்ணல, மாப்பிள்ளை.

அமோனியா பத்தி எனக்கு எப்படித் தெரியும்னு நீங்க கேட்டதே இல்ல. மாமனார்னா மானாவாரியில உளுந்து வெதைக்கத் தெரிஞ்ச மனுசன்னு நெனைச்சுட்டீக. உங்க அத்தையக் கட்டுறதுக்கு முந்தி ஏழு வருஷம் தூத்துக்குடியில ஒரு ஐஸ் கம்பெனியில கெடந்தேன். விடியக்காலம் லாஞ்சுக்காரன் கடலுக்குப் போறதுக்குள்ள ஐஸ் பார் எறங்கணும். பெரிய உப்புத்தண்ணித் தொட்டி, அதுக்குள்ள வரிசையாத் தகரக் கேன், கேனுக்குள்ள நல்ல தண்ணி. உப்புத்தண்ணி சாமானியமா உறையாது. அதுக்குள்ள ஓடுற குழாய்ல அமோனியா போயிப் போயி, தொட்டிய சைபருக்குக் கீழ கொண்டுபோயிரும். கேன்ல இருக்கிற தண்ணி மட்டும் கல்லாயிரும். ராத்திரி பூரா கம்ப்ரசர் தொம்மு தொம்முன்னு அடிக்கும். அது நின்னா எங்களுக்குத் தூக்கம் கலைஞ்சிரும், சத்தம் இல்லையேன்னு.

எப்பவாச்சும் ஒரு வால்வு கசியும். அன்னைக்கு மேஸ்திரி கத்துறது ஒண்ணே ஒண்ணுதான்: துண்ட நனைடா! ஈரத்துண்ட மூக்குல சுத்திக்கிட்டு, காத்து எந்தப் பக்கமிருந்து வருதோ அந்தப் பக்கமாக் குனிஞ்சு ஓடணும். அமோனியாவுக்குத் தண்ணியக் கண்டா அப்படி ஒரு பிரியம். துண்டுல இருக்கிற ஈரத்துலயே கரைஞ்சு நின்னுரும், மூக்குக்கு வர்றது கொறைஞ்சிரும். எங்க கசியுதுன்னு பாக்க மேஸ்திரி ஒரு வேலை செய்வார். கந்தகத்தக் கொளுத்திக் குழாய் நெடுகக் காட்டிக்கிட்டே போவார். கசியுற எடத்துல வெள்ளைப் புகை கெளம்பும். அந்த வித்தைய உங்க வண்டிக்குள்ள செஞ்சு பாத்துராதீக. அது காத்தோட்டமான கொட்டகை, ஹைட்ரஜன் இல்லாத மெஷினு. உங்களது படுக்கையும் சமையலும் ஒரே பெட்டி.

உங்க வண்டியில இருக்கிறது அதே அமோனியாதான், ஆனா கம்ப்ரசர் கெடையாது. அதனாலதான் சத்தமே இல்லாம நிக்குது. நீங்க அத ரிப்பேரு ஆயிருச்சுன்னு மொத ராத்திரி பயந்தீக. அது கேஸ் தீயில ஓடும், இல்லன்னா கரண்டுல சூடாகுற கம்பியில ஓடும். தீயக் கொளுத்திக் குளிர வாங்குறது எப்படின்னு நீங்க கேட்டப்ப நான் தெரியாத மாதிரி இருந்துட்டேன். உங்க அத்தை பக்கத்துல இருந்தா. இப்ப அவ கோயிலுக்குப் போயிருக்கா, சொல்லுதேன்.

சாராயம் காய்ச்சுறத நீங்க பாத்திருக்க மாட்டீக. நானும் பாத்ததில்லன்னு வச்சுக்கோங்க. கீழ பானை கொதிக்கும், ஆவி மேல போகும், மேல குளிர்ந்து சொட்டா எறங்கும். உங்க பிரிட்ஜ் முதுகுலயும் அந்த அடுப்புதான். தண்ணியில கரைஞ்ச அமோனியா கொப்பரையில கொதிக்குது. அமோனியா ஆவியாப் பிரிஞ்சு மேல போயிக் குளிர்ந்து திரவமாகுது. அது பிரிட்ஜுக்குள்ள இருக்கிற குழாய்க்கு வர்றப்பதான் வேடிக்கை. அங்க ஹைட்ரஜன் காத்துக்கிட்டிருக்கு. அமோனியா தனியா இருந்தா அந்த அழுத்தத்துல, அந்தக் குளிர்ல ஆவியாகாது. ஹைட்ரஜன் கூட்டத்துக்குள்ள கலந்ததும் தன்னோட பங்கு அழுத்தம் கொறைஞ்சு, ஆவியாயி நழுவிரும். கல்யாண வீட்டுல நாலு பேர் உக்காந்திருக்கப்ப எந்திரிச்சுப் போனா எல்லாரும் பாப்பாக. நானூறு பேர் கூட்டம்னா மொய் எழுதாமலே நழுவிரலாம். நழுவுறவன் சும்மாவா போறான்? தாம்பூலப் பையில ரெண்ட எடுத்துட்டுப் போவான். அமோனியாவும் போறப்ப சுத்தி இருக்கிற சூட்டையும் கையோட கொண்டுபோயிரும். அதுதான் உங்க தயிருக்குக் குளிரு. அப்புறம் தண்ணி வந்து அவனப் பிடிச்சு உறிஞ்சி, மறுபடி கொப்பரைக்கு இழுத்துட்டு வருது. தூத்துக்குடியில எங்க மூக்குக்கு ஈரத்துண்டு பண்ணின வேலைய, இங்க குழாய்க்குள்ள தண்ணி பண்ணுது.

இத 1922ல ஸ்டாக்ஹோம்ல படிச்சுக்கிட்டிருந்த ரெண்டு பயலுக கண்டுபிடிச்சானுக, பிளாட்டன், முன்ட்டர்ஸ்னு பேரு. 1925லயே எலக்ட்ரோலக்ஸ்காரன் செஞ்சு விக்க ஆரம்பிச்சுட்டான். உங்க மகதான் போன்ல வாசிச்சுச் சொன்னா. இன்னொண்ணும் சொன்னா. 1926 வாக்குல பெர்லின்ல ஒரு குடும்பம், பிரிட்ஜுல இருந்து கசிஞ்ச வாயுவுல தூக்கத்துலயே செத்துப் போச்சாம். அந்தச் செய்தியப் பேப்பர்ல பாத்துட்டு ஐன்ஸ்டீனு மனசு கேக்காம, சிலார்டுன்னு ஒரு சிநேகிதனச் சேத்துக்கிட்டு, அசையுற பாகமே இல்லாத பிரிட்ஜ் ஒண்ணு செய்ய வருஷக்கணக்காப் பாடுபட்டிருக்கார். 1930ல உங்க அமெரிக்காவுலயே பேட்டன்ட்டும் வாங்கியிருக்காக. அணுகுண்டு சம்பந்தமா 1939ல ரூஸ்வெல்ட்டுக்குக் கடுதாசி போட்டதும் இதே ரெண்டு பேருதான். அதனால பிரிட்ஜ் ஒழுகுதுன்னு தலையில கை வச்சு உக்காந்ததுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. பெரிய தலையெல்லாம் உக்காந்த எடம் அது.

அமோனியா கசிஞ்சு நெடியெல்லாம் போன பெறகும் ஒரு அடையாளம் மிச்சம் இருக்கும். வண்டி வாங்கப் போனோமே, ஞாபகம் இருக்கா? மொதல்ல பாத்த வண்டி. உள்ள மெத்தையத் தடவிப் பாத்துட்டு நீங்க விலை பேசவே ஆரம்பிச்சுட்டீக. நான் மட்டும் வெளிய போயி, பிரிட்ஜுக்குப் பின்னால இருக்கிற கீழ்க் கதவத் தொறந்து பாத்தேன். கொப்பரைக்கிட்ட மஞ்சளா ஒரு பொடி படிஞ்சிருந்துச்சு. வித்த ஆளு என்னமோ சொன்னான், நீங்க மொழிபெயர்த்தீக: "மாமா, இது மகரந்தமாம். வசந்த காலத்துல இந்த ஊர்ல மரமெல்லாம் கொட்டுமாம்." கொட்டத்தான் செய்யுது, உங்க காரெல்லாம் மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போயிட்டு வந்த மாதிரி நின்னுச்சு. ஆனா மகரந்தம் கூரையில படியும், கண்ணாடியில படியும். மூடின கதவுக்குள்ள கொப்பரைய மட்டும் தேடிப் போயி ஒட்டிக்கிடுமா? அது சோடியம் குரோமேட், மாப்பிள்ளை. உள்ள இரும்புக் குழாய் அரிச்சுப் போகாம இருக்கக் கலக்குற உப்பு. அது வெளிய வந்திருந்தா குழாய் ஓட்டைன்னு அர்த்தம். வெறுங்கையால தொட்டுப் பாக்காதீக, வெசம். நீங்க உங்க அத்தையோட மஞ்சள்பொடி டப்பாதான் தொறந்துருச்சோன்னு கேட்டீக. அன்னைக்குச் சிரிக்கல நான், மரியாதைக்காக.

அந்த ஓட்டைய அடைக்க முடியுமான்னா முடியாது. வண்டி நிக்கிற எடத்துல பத்த வச்சு, கேஸ் நெரப்பித் தாரேன்னு எவனாவது சொன்னா அவன் பேர எனக்கும் சொல்லுங்க, கும்புட்டுக்கிடுதேன். பின்னால இருக்கிற குளிர் யூனிட்ட மொத்தமாக் கழட்டி மாத்தணும். இல்லன்னா பிரிட்ஜையே தூக்கிப் போட்டுட்டு, 12 வோல்ட் பேட்டரியில ஓடுற கம்ப்ரசர் பிரிட்ஜ் வைக்கணும். இப்ப நெறையப் பேரு அதுக்குத்தான் மாறுதாக. அது சாஞ்சாலும் ஓடும், சீக்கிரம் குளிரும். பேட்டரியத்தான் ராத்திரி பூரா குடிக்கும். கூரையில சோலார் வேணும்பான், அப்புறம் பெரிய பேட்டரி வேணும்பான். அதெல்லாம் பாப்பாகிட்டக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, நான் தலையிடல.

சாஞ்சாலும்னு சொன்னேன்ல, அங்கதான் நீங்க குட்டு வாங்கின எடம் வருது.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி நாங்க வந்திருந்தப்ப, டாலஸ்ல கெளம்பி அமரில்லோ, ஆல்புகர்க்கி, பிளாக்ஸ்டாஃப்னு 40ஆம் நம்பர் ரோட்டுல போயி, கிராண்ட் கேன்யன் தெக்குக் கரையில மேதர் கேம்ப்புல எறங்குனோம். பக்கத்துலயே கரண்டு உள்ள எடம் இருந்துச்சு, டிரெய்லர் வில்லேஜ்னு. வாடகை கூடன்னு நீங்க கரண்டு இல்லாத எடமாப் பிடிச்சீக. சிக்கனம் நல்லதுதான், எம் பொண்ணு நல்ல எடத்துலதான் வாக்கப்பட்டிருக்கான்னு நெனைச்சேன். எடத்துல ஒரு பைன் மரம். நெழலுக்கு ஆசைப்பட்டு வண்டிய வேர் மேல ஏத்தி நிறுத்தினீக. ராத்திரி நான் படுத்தா உங்க அத்தை மேல உருளுதேன். கல்யாணமாயி நாப்பது வருஷத்துக்குப் பெறகு அவ சந்தேகப்படுதா.

காலையில பால் திரிஞ்சு போச்சு, தயிரு புளிச்சுப் போச்சு. நீங்க பட்டனத் தட்டித் தட்டிப் பாத்தீக. நான் கேட்டேன், "மாப்பிள்ளை, ரசமட்டம் இருக்கா?" கொத்தனார் செவரு நேரா இருக்கான்னு பாக்க, உள்ள ஒத்தக் குமிழி ஓடுற குச்சி வச்சிருப்பாரே, அது. நீங்க மெட்ராஸ்ல அடுக்குமாடியில பெறந்தவுக, கொத்தனார எங்க பாத்தீக? பிரிட்ஜத் தொறந்து பாத்துட்டு ரொம்ப வருத்தத்தோட சொன்னீக: "ரசம் மட்டும்தான் இருக்கு மாமா, சாம்பார் தீந்துபோச்சு."

நான் அத இன்னும் இந்த ஊர்ல யாருகிட்டயும் சொல்லல. டீக்கடையில மட்டும் சொன்னேன்.

அப்புறம் ஒரு தட்டுல தண்ணி ஊத்தி பிரிட்ஜுக்குள்ள வச்சுக் காட்டினேன், ஒரு பக்கமா ஓடுச்சு. இந்த மெஷின்ல மோட்டார் கெடையாது, பம்ப் கெடையாது. எல்லாம் மேட்டுல இருந்து பள்ளத்துக்கு வாய்க்கால் மாதிரித் தானா எறங்கணும். வாய்க்கால் ஒரு பக்கமாச் சாஞ்சிருந்தா தண்ணி நடுவுலயே தேங்கிரும், கடைமடைக்குப் போகாது. அங்க குழாய்ல தேங்கிட்டா இங்க கொப்பரைக்கு வராது. கீழ தீ எரியுது, மேல வெறுஞ்சட்டி காயுது. அந்தச் சூட்டுல மஞ்சள் உப்பு கெட்டுக் கட்டியாயி, குழாய அடைக்கும். ஒரு நாள் சாச்சா ஒண்ணும் தெரியாது. சாச்ச நாளெல்லாம் கணக்குல சேந்துக்கிட்டே வரும், ஒரு நாள் மொத்தமாப் படுத்துரும். பக்கவாட்டுல 3 டிகிரி, முன்பின்னா 6 டிகிரி, அதுக்கு மேல சாயக் கூடாதுன்னு பிரிட்ஜோட வர்ற புத்தகத்துலயே இருக்கு. எனக்கு டிகிரி தெரியாது. புருசன் பெண்டாட்டி மேல உருளாம இருந்தாச் சரி. வண்டி ஓடுறப்ப மேட்டுல ஏறினாலும் பள்ளத்துல எறங்கினாலும் கவலை இல்ல, குலுக்கல்ல எல்லாம் எறங்கிரும். சரிவுல நிறுத்திட்டு ரெண்டு மணி நேரம் பர்கர் திங்கப் போறீகளே, அப்பதான் அமத்திட்டுப் போகணும்.

உயரமும் ஒரு காரணம்தான், முழுப்பழியும் உங்க மேல போட மாட்டேன். தெக்குக் கரை ஏறக்குறைய 7,000 அடி. 5,500 அடிக்கு மேல போனா காத்து மெலிஞ்சு, கேஸ் தீ நோஞ்சானாயிரும், சில நேரம் அமந்தே போகும். அங்க கரண்டுல ஓட்டுங்கன்னு அதே புத்தகத்துல இருக்கு. கரண்டு பக்கத்து எடத்துல இருந்துச்சு. வாடகை மிச்சம் பிடிச்சதுல பால், தயிரு, அஞ்சு கிலோ மாவு போச்சு. நான் அன்னைக்குக் கணக்குப் போட்டேன், வாயத் தொறக்கல.

இப்ப இன்னைய ஒழுக்குக்கு வாரேன். பாப்பா மெசேஜ் போட்டுட்டா, "அப்பா, வாசம் ஒண்ணும் இல்ல"ன்னு. அப்ப தண்ணிதான். சூன் மாசம், ஏரிக்கரை, ஈரக் காத்து. பிள்ளைக ரெண்டும் நிமிசத்துக்கு ஒரு தடவ கதவத் தொறந்து, உள்ள என்ன இருக்குன்னு வேடிக்கை பாக்கும். ஒவ்வொரு தடவையும் ஏரியில இருந்து ஒரு மொடக்குத் தண்ணி காத்தா உள்ள போகுது. உள்ள பின்செவத்துல சீப்பு மாதிரித் தகடு இருக்கும் பாருங்க. அந்தத் தண்ணியெல்லாம் அதுல பனியாப் பிடிச்சு, அப்புறம் உருகிச் சொட்டும். சொட்டட்டும்னுதான் அதுக்குக் கீழ ஒரு சின்ன தொட்டி, தொட்டியில ஒரு ஓட்டை, ஓட்டையில ஒரு ஓஸ், ஓஸோட மறுமுனை வண்டிக்கு வெளிய. ஆக, தண்ணி வர்றது நோய் இல்ல. போக வேண்டிய வழியா வெளிய போகாததுதான் நோய். வண்டி வளைவுல திரும்பறப்பவும் பிரேக் போடுறப்பவும் மட்டும் கொட்டுதுன்னு சொன்னீகளே, தொட்டி ரொம்பி நிக்குது, தளும்புது, அவ்வளவுதான்.

எடுத்ததும் ஓஸத்தான் பாக்கணும். பின்னால வெளிக்கதவத் தொறந்தா தொங்கும். கழண்டு கெடக்குதா, மடங்கியிருக்குதா, குளவி கூடு கட்டியிருக்குதான்னு பாருங்க. (பக்கத்துல அடுப்பு எரியுற எடத்தையும் பாத்துருங்க, உங்க ஊர்க் குளவிக்கும் சிலந்திக்கும் அந்தக் குழாய்னா மாமியார் வீடு மாதிரி.) அடைப்பு எடுக்கக் கம்பி விட்டுக் குத்தாதீக, ஓஸ் கிழிஞ்சு போகும். பொறுக்கிற சூட்டுல வெந்நி. நம்ம கடைக்குட்டிக்குப் பால் புகட்டின வெள்ளிப் பாலாடை அந்தச் சமையலறை டிராயர்லயே கெடக்கும், நாந்தான் வச்சேன். அது மூக்கு ஓட்டைக்குள்ள கச்சிதமாப் போகும். மெல்ல ஊத்துங்க, அவசரப்பட்டா பிள்ளைக்குப் பொரையேறுன மாதிரி எதுத்து வரும். அதுக்கும் போகலன்னா வெளிய போயி ஓஸ் முனையில வாய வச்சு ஊதுகுழல் மாதிரி ஒரு ஊது. பாப்பாவ உள்ள கிட்ட நிக்க வேண்டாம்னு சொல்லிட்டு ஊதுங்க. நான் சொல்லாம ஊதிட்டேன், உங்க அத்தை மூஞ்சியெல்லாம் பாசி.

ஆமா, நானும் ஊதியிருக்கேன். இதே ஒழுக்குதான் அப்பவும். கேன்யன்ல இருந்து திரும்பி வர்ற வழியில மூணு நாளா நீங்க தரை தொடைச்சுக்கிட்டே வந்தீகளே, ஞாபகம் இருக்கா? நாலாவது நாள் நீங்க பெட்ரோல் போடப் போனப்ப நான் ஊதி எடுத்துட்டேன். உள்ள இருந்து வந்தது ஒரு கறிவேப்பிலை, மாப்பிள்ளை. உங்க வீட்டுத் தொட்டிச் செடிய உங்க அத்தை மொட்டையடிச்சு, கவர்ல போடாம அப்படியே தட்டுல பரப்பி வச்சிருந்தா. நீங்க வந்து "தானா சரியாயிடுச்சு மாமா, காய்ஞ்ச காத்து இல்ல, அதான்"னு விளக்கம் சொன்னீக. படிச்சவுக சொல்றப்ப மறுத்துப் பேசறது அழகில்லன்னு விட்டுட்டேன். மூணு நாளு ஏன் சும்மா இருந்தேன்னு கேப்பீக. நீங்க குனிஞ்சு தொடைக்கிற வேகத்துல ஒரு நேர்த்தி இருந்துச்சு. கெடுக்க மனசு வரல.

தகட்டுல பனி தடிச்சுப் போயிருந்தாப் பிரிட்ஜ அமத்திட்டு, அகலப் பாத்திரத்துல வெந்நி வச்சுக் கதவச் சாத்துங்க, தானா உதிரும். கத்திய வச்சுக் கொத்திராதீக. மேல் அறையில அந்தப் பனிக்குப் பின்னாலதான் குழாய் ஓடுது. இந்தப் பக்கம் தண்ணி ஒழுக்க சரி பண்றேன்னு அந்தப் பக்கம் அமோனியாவுக்கு வாசல் வச்சுருவீக.

கதவு ரப்பரையும் ஒரு கை பாத்துருங்க. ஒரு டாலர் நோட்ட எடுத்துக் கதவுல பாதி உள்ள பாதி வெளிய இருக்கிற மாதிரி வச்சுச் சாத்தி, இழுங்க. பிடிச்சு இழுத்தா ரப்பர் நல்லாருக்கு. சாவகாசமா வழுக்கி வந்தா அந்த எடத்துல காத்து போகுது. நாலு பக்கமும் பாக்கணும். பெரிய நோட்டு வேண்டாம், வழுக்கி வந்தா மனசு கஷ்டம். நான் மடியில இருந்த பத்து ரூபாய வச்சுத்தான் பாத்தேன், அதுக்கும் அந்தக் கதவு அதே மரியாதைதான் குடுத்துச்சு. ரப்பர் மடிஞ்சிருந்தா பாப்பா முடி காய வைக்கிற மெஷின லேசா காட்டி நீவி விடுங்க. கிழிஞ்சிருந்தா மாத்தித்தான் ஆகணும். மழை பெய்யுறப்ப மட்டும் ஒழுகுனா பிரிட்ஜத் திட்டாதீக, அதுக்கு நேர் மேல கூரையில ஒரு புகைபோக்கி மூடி இருக்கு, அங்க ஏறிப் பாருங்க.

குளிரக் காப்பாத்தறதுல உங்க ஊர்க்காரன் கெட்டிக்காரன்தான், இல்லன்னு சொல்லல. பாஸ்டன்ல டியூடர்னு ஒரு யாவாரி, குளத்துல உறைஞ்ச ஐஸ வெட்டி, மரத்தூளப் போட்டுப் பொதிஞ்சு, கப்பல்ல மாசக்கணக்கா நம்ம நாட்டுக்குக் கொண்டாந்து வித்தான். மெட்ராஸ்ல அத வைக்க 1842ல கட்டின ஐஸ் ஹவுஸ் இப்பவும் கடற்கரையில விவேகானந்தர் இல்லமா நிக்குது, நீங்க அந்தப் பக்கமாத்தான் காலேஜுக்குப் போனதாச் சொன்னீக. கரண்டு இல்ல, கேஸ் இல்ல, கதவச் சரியாச் சாத்தினான், அவ்வளவுதான். நாலு மாசம் கடல்ல வந்தும் மிச்சம் இருந்த சரக்கு உங்க வண்டியில நாலு மணி நேரம் தாங்கல. சுடச்சுட சாம்பார மூடாம உள்ள வச்சா எப்படித் தாங்கும்? அது ஆவி விட்டு, அதுவும் பனியாயி, அதுவும் தரைக்குத்தான் வரும். பொறப்படுறதுக்கு மொத நாளே பிரிட்ஜப் போட்டு விடுங்க, அது மெதுவா வேலை பாக்கிற சாதி. வீட்டுல குளிர வச்ச சாமானத்தான் அதுல அடுக்கணும். காத்து போக வழி விட்டு அடுக்கணும். மாவுப் பாத்திரத்துல பாதிதான் மாவு இருக்கணும். வெள்ளையா ஒழுகுனா அது அமோனியாவும் இல்ல, தண்ணியும் இல்லன்னு தெரிஞ்சுக்கோங்க.

இருங்க, உங்க அத்தை வர்ற சத்தம் கேக்குது. சுருக்கமாச் சொல்லுதேன். பாலாடை மேல் டிராயர்ல, கரண்டிக்கு அடியில. ஊதுறதுக்கு முந்தி வாயில தங்கப்பல் இருந்தா பாத்துக்கோங்க. கறிவேப்பிலை வந்தா போட்டோ எடுத்து எனக்கு மட்டும் அனுப்புங்க, குடும்ப குரூப்புல போடாதீக.

இன்னொண்ணு. தீபாவளிக்கு வர்றீகன்னு பாப்பா சொன்னா. வந்ததும் நம்ம வீட்டு அடுக்களைக்குள்ள போயி, பிரிட்ஜுக்கு அடியில ஏன் ஒரு ஈயச்சட்டி வச்சிருக்குன்னு கேட்டுறாதீக. பதினோரு வருஷமா அதுல சொட்டுது. நாந்தான் ஐஸ் கம்பெனியில வேலை பாத்தவன், நானே சரி பண்றேன்னு மெக்கானிக்க வர விடல. இப்ப செவலைக் கோழி அதுலதான் தண்ணி குடிக்குது. பழகிருச்சு, வேற தண்ணி வச்சா மூஞ்சியத் திருப்பிக்கிடுது.

வந்துட்டா. வைக்கிறேன்.